அண்ணைக்காக அறுத்த புல்

அந்த மணலை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரத்து மீன் தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்தபோது முதலில் வெளியே தள்ளப்பட்டவர்களில் நானும் ஒருவன். கொஞ்சக் காலம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேலை பிடித்துக் கொடுக்கிற யொப்சென்டரில் ஒரு பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே வெளிவேலை செய்வாயா என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறென்ன சொல்வது? நகரத்துக்கு வடக்கே, கடலோரமாகக் கிடக்கும் பாதுகாக்கப்பட்ட மணற்குன்றுகளுக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, பங்குனி மாதம்.

டென்மார்க் என்றால் பச்சை வயலும் பசுவும் என்று நினைப்பவர்கள் அங்கே வந்து பார்க்க வேண்டும். மேற்குக் காற்று ஓய்வதே இல்லை. கடலுக்குப் பக்கத்தில் வெள்ளை மணற்குன்று, அதற்குப் பின்னால் சாம்பல் நிறக் குன்று. வெள்ளைக் குன்றில் யெல்ம என்கிற புல்லைத் தவிர வேறெதுவும் நிலைக்காது. நீலம் கலந்த பச்சை, இடுப்பளவு உயரம், நுனி ஊசி. காய்ந்த காற்று அடித்தால் இலை தன்னைத்தானே குழாய் போலச் சுருட்டிக்கொள்ளும். காற்சட்டையைத் துளைத்துக்கொண்டு முழங்காலில் குத்தும். சாம்பல் குன்றில் ஒருவகைப் பாசி. வெயில் நாளில் மிதித்தால் அப்பளம் போல நொறுங்கும். நொறுங்கினால் திரும்ப வளரப் பல வருடம் எடுக்குமாம், ஆகவே மிதிக்கக் கூடாது. பள்ளத்து ஈரத்தில் பூச்சியைப் பிடித்துத் தின்னும் சிவந்த செடி, அதைத் தொடக் கூடாது. லூங் என்கிற குட்டைப் புதருக்கடியில் விரியன் சுருண்டு வெயில் காயும், அதை அடிக்கக் கூடாது. எங்களைத் தவிர அங்கே எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது.

எங்கள் வேலை காட்டு ரோசாவைப் பிடுங்குவது. கிழக்கே எங்கோ தூர தேசத்திலிருந்து யாரோ அழகுக்காகக் கொண்டுவந்து வைத்த செடி. இப்போது குன்றுகளை மூடி மற்றச் செடிகளை நெரித்துக் கொல்கிறது. எங்களை மேற்பார்த்த போர்மன் ஒரு வயதான டேனிஷ்காரர், காற்றில் காய்ந்த முகம். முதல் நாளே ஒரு கிளையைத் தூக்கிக் காட்டி, இது இந்த மண்ணுக்குரியது இல்லை, வந்த இடத்தில் பரவி விட்டது, ஆகவே வேரோடு எடுக்க வேண்டும் என்றார். நின்ற நான்கு பேரில் மூன்று பேர் வெளிநாட்டுக்காரர். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

யெல்மவைப் பற்றி அவர் பேசும்போது மட்டும் குரல் மாறும். அந்தப் புல்லின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. முன்னொரு காலத்தில் ஆட்கள் கூரை வேயவும் மாட்டுக்குப் போடவும் அதைப் பிடுங்கினார்கள், மணல் எழும்பி வயலையும் வீட்டையும் மூடியது, வடக்கே ஒரு தேவாலயமே புதைந்தது. அதற்குப் பிறகு அரசன் சட்டம் போட்டான். "ஒரு தாள் கூடப் பிடுங்கக் கூடாது," என்று விரலை ஆட்டிச் சொன்னார். பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

மதியச் சாப்பாட்டுக்குப் புட்டுக் கொண்டுபோவேன். பெட்டியைத் திறந்தவுடன் மணல் வந்துவிடும். பல்லுக்கிடையில் நறநறவென்று அரைபடும். முட்கள் கையுறையைக் கிழிக்கும், விரல்கள் வீங்கும். நான் மெல்ல மெல்ல, ஆறுதலாக வேலை செய்கிறேன் என்று போர்மன் ஒவ்வொரு நாளும் ஒருமுறையாவது சொல்லுவார். உண்மைதான். என்னுடைய நினைப்பு முழுக்கச் சட்டைப் பைக்குள் கிடந்த தொலைபேசியில் இருந்தது.

என் அண்ணை இலங்கையில், வன்னிப் போருக்குள் அகப்பட்டிருந்தார். இருபது வருடம் எஸ்பியர்க்கில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர், டேனிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்தவர். போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், அண்ணியின் அம்மாவுக்குக் கால் முறிந்துவிட்டது, பார்க்க ஆளில்லை என்று போனார். அந்த அம்மா வீட்டை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தா. இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று நின்றார். போர் திரும்பத் தொடங்க, இராணுவம் பாதையைப் பூட்டிவிட்டது. அண்ணியும் மகளும் எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே இருந்தார்கள். வெளிநாட்டமைச்சுக்கு அண்ணி எழுதாத கடிதம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் வந்தது.

சித்திரை மாதத்தில் ஒருநாள் நான் முட்புதருக்குள் நிற்கும்போது அழைப்பு வந்தது. யாருடையதோ செய்மதித் தொலைபேசி, இரண்டு நிமிடம்.

"தம்பி, இஞ்சை முழுக்க மணல்," என்றார் அண்ணை. "பங்கர் வெட்டினா நிக்குதில்லை, இடிஞ்சு விழுது. மாமியின்ரை சீலையளைப் பையாத் தைச்சு மண் நிரப்பி அடுக்கியிருக்கிறம். அண்ணியிட்டை உதைச் சொல்லாதை."

"சாப்பாடு?"

"கிடக்கு. மகள் படிக்கிறாளோ?"

"ஓம், படிக்கிறாள்."

அவ்வளவுதான். தொடர்பு அறுந்துவிட்டது. தலையை நிமிர்த்தினால் எதிரே கடல், காலடியில் மணல், போர்மன் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அங்கே இராணுவத்தினர் ஒரு துண்டுக் கடற்கரையைப் பாதுகாப்பு வலயம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான சனத்தை அதற்குள் தள்ளிச் செல் குண்டால் அடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே பாசியை மிதிக்க முடியாது. அன்றிலிருந்து அந்த இடத்தில் ஒவ்வொரு செடியையும் நான் வெறுத்தேன். வானம்பாடி மேலே நின்று கத்தினால் கல்லெடுத்து எறியவேண்டும் போலிருந்தது.

வைகாசியில் ஆலாக்கள் வந்தன. கையடக்கமான வெள்ளைப் பறவைகள், மஞ்சள் அலகு, ஆபிரிக்கக் கரையிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வருபவை. வெறும் மணலில் குழிபறித்து முட்டையிடும். முட்டையும் மணல் நிறம்தான், இரண்டடி தள்ளி நின்றாலே தெரியாது. நாங்கள் தடி நட்டுக் கயிறு கட்டி, மனிதர் உள்ளே வரக்கூடாது என்று பலகை மாட்டினோம். முட்டை எண்ணிக்கையைப் போர்மன் ஒவ்வொரு காலையும் கொப்பியில் எழுதுவார். ஒரு முட்டை குறைந்தால் அவருடைய முகம் வாடிவிடும். எனக்கு வயிறு எரியும்.

போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் காட்டிய கிழமையில் நான் லீவு எடுக்கவில்லை. எடுத்தால் காரணம் சொல்லவேண்டும், சொன்னால் கேள்வி கேட்பார்கள், கேட்டால் அடித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. நோர்வேயிலிருந்து தெரிந்த ஒருவர் அழைத்து, "உங்கடை அண்ணை இருந்த பங்கருக்கு மேலை செல் விழுந்ததாம், அதிலை ஆரும் மிஞ்சேல்லையாம்," என்று சொன்னதற்கு அடுத்த நாள், கயிற்றுக்குள் போய் முட்டை எண்ணிவரச் சொல்லிப் போர்மன் என்னை அனுப்பினார். ஒரு குழியில் மூன்று முட்டை. தாய் தலைக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டு பாய்ந்து பாய்ந்து வந்தது. நான் காலைத் தூக்கி அந்த மூன்றின் மேலும் வைத்தேன். வழுக்கி வைத்ததல்ல, வேண்டுமென்று வைத்தேன். பிறகு மணலைக் கிளறிவிட்டேன். போர்மன் வந்து பார்த்து, நீண்ட நேரம் குனிந்து நின்று, கொப்பியில் நரி என்று எழுதினார். நான் அடுத்த குழியை எண்ணப் போனேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அந்த வெட்கம் கூட வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே பிடிவாதம், அண்ணைக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யவேண்டும். ஆத்மா சாந்திக்கு என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மை வேறு. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவராக இருக்குமோ என்று நெஞ்சு துள்ளுவதை என்னால் தாங்கமுடியவில்லை. எனக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு குருக்கள் இருந்தார், கிழமை நாட்களில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. அவர் முதலில் மறுத்தார்.

"தம்பி, காணாமப் போன ஆளுக்குப் பன்னிரண்டு வருஷம் பாக்கவேணும் எண்டு இருக்கு."

"காணாமப் போகேல்லை ஐயா. செத்திட்டார். கண்டவை சொல்லினம்."

"கண்டவை ஆர்?"

"நோர்வேயிலை ஒருத்தர்."

"நோர்வேயிலை இருந்து கண்டவரோ?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நான் குரலை உயர்த்தினேன். அவர் நல்ல மனிதர், கடைசியில் இறங்கிவந்தார். உடல் இல்லாதபடியால் தர்ப்பையால் உருவம் செய்து எரிக்க வேண்டும், அந்தியேட்டியையும் அதோடு சேர்த்து முடிக்கலாம் என்றார். ஆனால் தர்ப்பைக்கு எங்கே போவது? கோயிலில் இருந்தது விரலுக்குத் தர்ப்பை மோதிரம் முடியப் போதும், அவ்வளவுதான். ஒரு ஆளளவு உருவத்துக்குக் கட்டுக்கட்டாக வேண்டும்.

"கூரான நுனியுள்ள புல்லு எனக்குத் தெரியும் ஐயா," என்றேன். "கடற்கரையிலை கிடக்கு."

அண்ணியிடம் சொல்ல மேலே போனேன். அவ மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தா. நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கத்தி நிற்கவில்லை.

"செத்தவரெண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"எல்லாரும் சொல்லினம் அண்ணி."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அவரும் சொல்லேல்லை. நீர் உம்மடை அலுப்புக்கு என்னை விதவையாக்காதையும்."

"நான் அவற்றை தம்பி. எனக்கு உரிமை இல்லையோ?"

"இருக்கு. போய்ச் செய்யும். நான் வரமாட்டன், பிள்ளையையும் விடமாட்டன்."

மகள் அறை வாசலில் நின்றாள், பதினாறு வயது. டேனிஷில் என்னைப் பார்த்து, அப்பா இறந்ததற்குப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் நீங்கள் எப்படி முடிவெடுக்கலாம் என்றாள். நான் தமிழில் ஏசிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். தேற்றுவதற்குப் போனவன் சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன்.

முப்பத்தோராம் நாள் புதன்கிழமை வந்தது. முந்தின நாள் மற்றவர்கள் வேலை முடிந்து போனபிறகு நான் பின்தங்கி நின்று, ரோசா வெட்டும் கத்தியால் யெல்மவை அறுத்தேன். வெள்ளைக் குன்றின் பின்பக்கத்தில், நல்ல செழிப்பான இடமாகப் பார்த்துத்தான். உள்ளங்கை முழுக்க வெட்டுக்காயம். ஒரு தாளைக் கூடப் பிடுங்கக் கூடாது என்ற சட்டத்தை மீறுகிறேன் என்று நன்றாகத் தெரியும். தெரிந்ததால் ஒரு திருப்தி இருந்தது, அதையும் மறைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறையில் தண்ணீர் தெளித்து வைத்தேன். தலைக்கு இத்தனை தாள், கைக்கு இத்தனை, விலா எலும்புக்கு இத்தனை என்று குருக்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எண்ணி நூலால் கட்டினேன். அண்ணையின் உயரத்தை என்னுடைய தோளை வைத்து அளந்தேன், அவர் என்னைவிட நான்கு விரல் கூட.

காலையில் வெளிச்சம் வெள்ளென வரும் காலம். வேலைக்கு ஆட்கள் வருமுன் முடித்துவிடலாம் என்று கடற்கரைக்குப் போனோம், நானும் குருக்களும் மட்டும். காற்று வழக்கம்போல. மூன்று தரம் கற்பூரம் அணைந்தது. குருக்கள் வேட்டிக்கு மேலே மழைக்கோட் போட்டுக்கொண்டு நின்றார். அலை எட்டாத இடத்தில் உருவத்தைக் கிடத்தி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, அண்ணையின் பேரும் நட்சத்திரமும் சொல்லி, தலைமாட்டில் நெருப்பு வைத்தேன். யெல்ம லேசில் பற்றாது, உப்புக் காற்றில் வளர்ந்தது. முதலில் புகைந்தது, பிறகு ஒரேயடியாக எரிந்தது. நான் அப்போதுதான் அழுதேன். வாய்விட்டு அழுதேன், குருக்கள் தடுக்கவில்லை. பிண்டத்தை வைத்துவிட்டுக் காகத்துக்குப் பார்த்தோம். அந்தக் காற்றில் காகம் ஏது? ஒரு பெரிய கடற்பறவை வந்து இறங்கி முழு உருண்டையையும் ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு எங்களை முறைத்தது. "இந்த நாட்டுக் காகம் இதுதான், எடுத்திட்டுது," என்றார் குருக்கள். அவருக்கு ஏழு மணிக்கு வேலை.

புகையைக் கண்டு போர்மன் வந்தார். ஆலா முட்டை எண்ணுவதற்கு அவர் எல்லோருக்கும் முதல் வருகிறவர், அதை நான் யோசிக்கவே இல்லை. குன்றுக்கு மேலே நின்று அறுத்த இடத்தைப் பார்த்தார். பிறகு இறங்கிவந்து நெருப்பைப் பார்த்தார். கைகால் போல எரிந்து கிடந்ததைப் பார்த்து அவருடைய முகம் வெளிறியது.

"என்ன இது?"

"என் அண்ணன்," என்றேன்.

"பிணமா?"

"இல்லை. புல்."

"எங்களுடைய புல்," என்றார். குன்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார், "பிடுங்கினாயா, அறுத்தாயா?"

"அறுத்தேன்."

"அப்படியானால் திரும்ப முளைக்கும்," என்று சொல்லிவிட்டு, நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்றார். கோபத்தோடு கூடச் சொல்லவில்லை. தன் சப்பாத்தால் மணலைத் தள்ளி நெருப்பை அணைக்கத் தொடங்கினார். எரிகிற உருவத்தை இடையில் அணைக்கக் கூடாது என்று குருக்கள் என் தோளைப் பிடித்துச் சொன்னார். நான் போர்மனுடைய கையைப் பிடித்துத் தள்ளினேன். அவரும் என்னைத் தள்ளினார். இரண்டு வளர்ந்த மனிதர் சாம்பலுக்கு மேலே நின்று மூச்சு வாங்கினோம். கடைசியில் அவர் விலகிக்கொண்டார். எரிந்து முடியும் வரைக்கும் பத்தடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, காற்று வரும் பக்கமாக நின்றார். சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு நாங்கள் அவரோடு பேசாமல் வந்துவிட்டோம்.

அடுத்த மாதம் அண்ணியின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவவுடைய அம்மா. வவுனியாப் பக்கத்து முகாமிலிருந்து, யாரோ களவாக வைத்திருந்த கைத்தொலைபேசியில். செல் விழுந்த நேரம் அண்ணை அவவைத் தூக்கிக்கொண்டு பங்கரை விட்டு வெளியே வந்திருந்தாராம். கடைசி நாள் சனத்தோடு சனமாகத் தண்ணீருக்குள்ளால் நடந்து, முகாமுக்கு வந்து, ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் ஒரு மாதம் அவவோடு இருந்தாராம். வெளியே கதைக்க வழியில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இராணுவத்தினர் ஆம்பிளையளைக் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்து, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு தெரியாது.

அண்ணி கீழே வந்து கதவைத் தட்டினா. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னா. அந்த வெள்ளிக்கிழமை எது என்று இருவரும் கலண்டரைப் பார்த்தோம். நான் நெருப்பு வைத்த புதனுக்கு இரண்டு நாள் பிந்தி.

"நீர் எரிச்ச அண்டைக்கு அவர் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தவராம்," என்றா.

அவ போனதும் குருக்களுக்கு அழைத்தேன். நான் சொன்ன நாட்களை அவரும் ஒருதரம் எண்ணிப் பார்த்தார். பிறகு, இதற்கும் சாத்திரத்தில் வழி இருக்கிறது என்றார். கிரியை செய்த ஆள் உயிரோடு திரும்பி வந்தால் அவர் புதிதாகப் பிறந்த கணக்கு. பிறந்த பிள்ளைக்குச் செய்வதெல்லாம் செய்து, பேர் வைத்து, பெண்சாதிக்குத் திரும்பவும் தாலி கட்டவேண்டும். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. செய்த பிழையைத் திருத்த ஒரு முறை இருக்கிறதே என்று, மடையன், அந்த நிமிடமே படியேறி ஓடினேன். மூச்சு வாங்க வாங்க அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணை வந்தவுடன் பெரிதாகச் செய்வோம், எல்லாம் என்னுடைய பொறுப்பு, தாலி கட்டும்போது ஊரையே கூப்பிடுவோம் என்றேன்.

அவ கழுத்தில் கையை வைத்துத் தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டினா.

"நான் உதைக் கழட்டேல்லைத் தம்பி. திரும்பக் கட்ட ஒண்டுமில்லை. எனக்கும் பிள்ளைக்கும் அவர் சாகேல்லை. உமக்கு மட்டும்தான் செத்தவர். வந்தாரெண்டால், நீர் பேர் வைச்சுக் கூப்பிடும். நாங்கள் பழைய பேரிலைதான் கூப்பிடுவம்."

கதவைச் சாத்தினா. சத்தமில்லாமல்தான் சாத்தினா. அந்தக் கதவு அன்றிலிருந்து எனக்குத் திறக்கவில்லை, அண்ணையும் வரவில்லை.